கண்டமாலையும் கேளா ஒலியும்

கண்டி வாவியின் கரையை விட்டுத் தென்கிழக்கே ஏறிச் செல்லும் வீதி சில மைல் தூரத்தில் அம்பிட்டியவை அடைகிறது. பாப்பரசர் பதின்மூன்றாம் லியோ 1893ஆம் ஆண்டிலே இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பொதுவாக நிறுவிய குருமடத்தினாலேயே அவ்வூரின் பெயர் வெளியுலகில் அறியப்பட்டது. 1955இல் அக்குருமடம் புனா நகருக்கு மாற்றப்பட்டது. அது இருந்த மேட்டிலே இன்று இலங்கைக்குரிய தேசியக் குருமடம் நிற்கிறது. வீதியோ அங்கே நின்றுவிடவில்லை. தலாத்துஓயா வழியாக அது மலைகளுக்குள் நுழைகிறது. அம்மலைகளின் ஒரு பக்கத்திலே, லூல்கந்துரத் தோட்டத்தில், 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலை பயிரிட்டார் என்பதும், இலங்கையின் தேயிலைச் சரித்திரம் அங்கிருந்தே தொடங்குகிறது என்பதும் பள்ளிச் சிறுவரும் அறிந்த செய்திகள்.

இவ்வீதியிலே காலை நேரத்தில் கண்டியை நோக்கி இறங்கும் பஸ் வண்டிகளில் நாம் பலமுறை கண்ட காட்சி ஒன்றுண்டு. சேலைத் தலைப்பினாலோ, பழந்துண்டினாலோ கழுத்தை மறைத்துக்கொண்டு, வாயைத் திறந்து பேச இயலாமல், கையில் வைத்தியசாலைத் துண்டுடன் அமர்ந்திருக்கும் முதியவர்களே அக்காட்சி. பக்கத்தில் மகனோ மருமகளோ இருப்பார். கேட்டால், "வாயில புண்ணு, இப்ப கழுத்துல கட்டி" என்று இரண்டே வார்த்தைகளில் மறுமொழி வரும். அந்த இரண்டு வார்த்தைகளுக்கும் இடையே சில வேளைகளில் ஓராண்டு கழிந்திருக்கும். வாய்ப்புண் கழுத்துக் கட்டியாக மாறுவதற்கு எடுத்துக்கொண்ட காலம் அது.

வாயிற் பிறந்த புற்று கழுத்துக்குப் பரவியதை மனிதன் எவ்வாறு அறியக் கற்றான்? முதலிற் கையாலும், பின்னர் கத்தியாலும், இறுதியில் செவிக்குக் கேளாத ஒலியாலும் அறியக் கற்றான். அச்சரித்திரத்தைச் சுருக்கமாகக் கூறுவது இக்கட்டுரையின் நோக்கம். அவ்வறிவு இம்மலைகளில் வாழும் உழைப்பாளியை எந்த நாளில் வந்தடைகிறது என்று கேட்பதும் அதன் நோக்கமேயாம்.

கழுத்தில் ஒரு மாலை

நம் முன்னோர் கழுத்திலே வரிசையாகத் தோன்றும் கட்டிகளுக்குக் கண்டமாலை என்று பெயரிட்டனர். கண்டம் என்றால் கழுத்து. கழுத்திலே மாலை கோத்தாற்போலத் தோன்றுவதால் அப்பெயர். பெயரிட்டவன் கூர்ந்து நோக்கியவன் என்பதில் ஐயமில்லை. ஏனெனில், தோலின் கீழே நிணநீர்க் கணுக்கள் உண்மையிலேயே கோத்த மணிகள் போன்றே அமைந்துள்ளன. மனித உடலிலுள்ள நிணநீர்க் கணுக்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு கழுத்திலே இருக்கிறது. தாடையின் கீழும், பெரிய இரத்த நாளத்தின் ஓரமாகவும், காறை எலும்புக்கு மேலும் அவை அடுக்கடுக்காய் நிற்கின்றன. வாய், நாக்கு, கன்னம், தொண்டை ஆகியவற்றிலிருந்து வடியும் நிணநீர் முழுவதும் இவற்றைக் கடந்தே செல்லவேண்டும்.

பழைய வைத்தியர் கண்டமாலை என்றழைத்தவற்றுட் பெரும்பாலானவை காசநோயால் விளைந்தவை என இன்று அறிகிறோம். புற்றினால் வீங்கிய கணுவும் காசத்தால் வீங்கிய கணுவும் வெளித்தோற்றத்தில் ஒன்றையொன்று ஒத்திருக்கும். இந்த மயக்கம் பழங்காலத்தோடு தீர்ந்துவிட்டதன்று. அதனைப் பின்னர் கூறுவோம்.

ஐரோப்பாவிலும் புற்று என்பது உடல் முழுவதையும் பற்றிய கரும்பித்தத்தின் விளைவு என்ற எண்ணமே நெடுங்காலம் ஆட்சி செய்தது. 1622இல் இத்தாலியரான அசெல்லி நாயின் குடலிலே வெண்ணிற நிணநீர்க் குழாய்களைக் கண்டறிந்தார். 1757இல் பாரிஸ் நகரத்து அறுவை வைத்தியர் லெ திரான், புற்று முதலில் ஓரிடத்திலே பிறந்து, நிணநீர் வழியே அருகிலுள்ள கணுக்களை அடைந்து, அதன் பின்னரே உடலெங்கும் பரவுகிறது என்று எழுதினார். இது வெறும் உடற்கூற்று விவாதம் அன்று. புற்று பிறப்பிலேயே உடல் முழுவதன் நோயாயின் மனிதன் செய்யத்தக்கது எதுவுமில்லை. படிப்படியாக நடந்து செல்லும் நோயாயின் அதனை வழிமறிக்கலாம். பின்வந்த வைத்தியம் முழுவதற்கும் இந்த நம்பிக்கையே அடிப்படை.

வெற்றிலை சென்ற வழி

வழிமறிப்பது என்றால், நோய் எங்கே பிறக்கிறது என்பதை முதலில் அறியவேண்டும். நம் மக்களைப் பொறுத்தவரையில் அந்த இடம் கன்னத்தின் உட்புறமும் நாக்கின் ஓரமுமேயாம். காரணம் வெற்றிலைக்கூறு.

இலங்கையின் பாக்கு பழங்காலந்தொட்டு வாணிபப் பொருள். கண்டி இராச்சியத்தின் பாக்குக்காகப் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் போட்டியிட்டனர். புகையிலையோ அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பியரால் இங்கு கொண்டுவரப்பட்டது. அது யாழ்ப்பாணத்து மண்ணிலே செழித்து வளர்ந்து, அங்கிருந்து திருவிதாங்கூருக்குப் பெருமளவில் ஏற்றுமதியாயிற்று. பாக்கு, புகையிலை, சுண்ணாம்பு, வெற்றிலை ஆகிய நான்கும் ஒரு வாயிலே கூடிய பின் என்ன நேர்ந்தது என்பதை முதலில் கணக்கெடுத்து எழுதியவர்களுட் சிலர் அதே திருவிதாங்கூரில் இருந்தனர் என்பது சரித்திரத்தின் கசப்பான ஒழுங்கு.

இன்று கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த நெய்யூர் அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. அங்கிருந்த இலண்டன் மிஷன் வைத்தியசாலையில் பணியாற்றிய பெண்டல், 1,700 புற்றுநோயாளரைப் பற்றிய சுருக்கம் ஒன்றை 1908இல் பிரித்தானிய வைத்திய சஞ்சிகையிலே வெளியிட்டார். எவரெஸ்ட் மலையேற்றத்துக்கு வந்து, பின்னர் பல ஆண்டுகளை நெய்யூரிலே கழித்த சோமர்வெல் என்ற அறுவை வைத்தியரும் இந்த வைத்தியசாலையைச் சேர்ந்தவரே. 1933இல் ஓர் என்பவர், திருவிதாங்கூரில் வெற்றிலை மெல்வோரின் வாய்ப்புற்றைப் பற்றி லான்செட் இதழில் விரிவாக எழுதினார். நம் மக்கள் நாள்தோறும் விருந்தினருக்கு வழங்கும் தாம்பூலம், புகையிலையோடு சேர்ந்து கன்னத்திலே நெடுநேரம் அடக்கப்படும்போது, அடக்கிய இடத்திலேயே புற்றாகிறது என்ற உண்மை அப்போதே அச்சேறிவிட்டது.

திருநெல்வேலி, திருச்சி, புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து கடல் கடந்து சென்ற உழைப்பாளிகளோடு வெற்றிலைப் பையும் சென்றது. 1960இல் மார்ஸ்டன் என்பவர் மலாயாவில் வெற்றிலைப் புற்றைப் பற்றி எழுதினார். அங்கு அந்நோயின் பெருஞ்சுமையைத் தாங்கியவர்கள் இந்தியர்களே. 1966இல் ஜப்பானியரான ஹிராயாமா, இந்தியா, இலங்கை முதலிய நாடுகளை உள்ளடக்கிய ஆய்வொன்றை உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஏட்டில் வெளியிட்டார். புகையிலை சேர்ந்த வெற்றிலைக்கூறு புற்றை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றாய்வு நிலையம் 1985இல் தீர்மானித்தது. புகையிலை சேராத கூறும், பாக்கு தனியாகவும் கூடப் புற்றை உண்டாக்கும் என்று அந்நிலையம் 2004இல் வெளியிட்ட நூல் உறுதிசெய்தது. இலங்கையில் ஆண்களைப் பீடிக்கும் புற்றுநோய்களில் முதலிடம் வாய்ப்புற்றுக்கே என்பதைத் தேசியப் புற்றுநோய்ப் பதிவேடு ஆண்டுதோறும் காட்டிவருகிறது. மெல்லும் புகையிலைப் பொருள்களுக்கு 2016இல் அரசு தடை விதித்தது. ஆயினும் பாக்கு கடையிலே கிடைக்கிறது.

"மெல்லாதே" என்று சொல்லி ஒதுங்குவது எளிது. அதிகாலைப் பிரட்டுக்கு நின்று, பனியிலும் மழையிலும் மலைச்சரிவில் ஏறி, மதியம் வரை கொழுந்து பறிப்பவளுக்கு வெற்றிலை வெறும் பழக்கம் மட்டுமன்று. அது பசியை அமர்த்துகிறது, குளிரைத் தாங்க உதவுகிறது, சலிப்பைப் போக்குகிறது. சோற்றுக்குப் பதிலாக மெல்லப்படும் ஒன்றை உபதேசத்தால் மட்டும் பிடுங்கிவிட முடியாது.

கத்தி வந்த பின்

நோய் கணுவுக்குச் செல்லும் வழியை அறிந்த வைத்தியர், கணுக்களையும் சேர்த்து அகற்றினால் என்ன என்று எண்ணினர். 1888இல் போலந்து நாட்டவரான யாவ்தின்ஸ்கி, கழுத்துக் கணுக்கள் அனைத்தையும் சுற்றியுள்ள தசையோடு ஒரே தொகுதியாக அகற்றும் சிகிச்சையைச் செய்து, அதனைத் தம் தாய்மொழியிலே எழுதினார். போலிஷ் மொழியை வெளியே யார் படித்தார்கள்? அவர் செய்தது நெடுங்காலம் அறியப்படாமலே கிடந்தது. 1906இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரைச் சேர்ந்த ஜோர்ஜ் கிரைல், 132 சிகிச்சைகளை ஆதாரமாகக் கொண்டு எழுதிய கட்டுரையே அம்முறைக்கு உலகப் புகழைத் தேடித்தந்தது. நியூயோர்க்கின் ஹென்றி மார்ட்டின் 1951இல் அதனை உறுதியான விதிகளாக வகுத்தார்.

இந்தச் சிகிச்சை பல உயிர்களைக் காத்தது. அதற்குக் கொடுத்த விலையும் பெரிது. கழுத்தின் பெருந்தசையும், உள்ளே ஓடும் பெரிய சிரையும், தோளை உயர்த்தும் நரம்பும் கணுக்களோடு சேர்ந்து போயின. நோயாளி பிழைத்தார், ஆனால் அவர் தோள் சரிந்தது, கையைத் தலைக்கு மேல் தூக்க இயலாமற் போயிற்று. மேசையருகே அமர்ந்து எழுதுபவனுக்கு இது ஒரு குறை. கூடையின் கயிற்றைத் தலையிலே மாட்டி, கழுத்தாலும் தோளாலும் கொழுந்தின் பாரத்தைத் தாங்கி, இரு கைகளாலும் இடைவிடாது பறிப்பவளுக்கோ இது தொழிலின் முடிவு. தோட்டத்தில் தொழில் முடிந்தால் லயன் அறையின் உரிமையும் கேள்விக்குள்ளாகும் என்பதை மலையகத்தார் அறிவர்.

ஆர்ஜென்டீனாவைச் சேர்ந்த சுவாரெஸ் என்பவர், தசையையும் சிரையையும் நரம்பையும் காத்துக் கணுக்களை மட்டும் அகற்றலாம் என்று 1963இல் எழுதினார். அவர் எழுதியது ஸ்பானிய மொழியில். இத்தாலியரான பொக்கா அம்முறையைக் கையாண்டு பரப்பிய பின்னரே ஆங்கிலம் படிப்போர் அதனை அறிந்தனர். எந்த மொழியில் சொல்லப்பட்டது என்பதைக் கொண்டு ஓர் உண்மை எப்போது உலகை அடையும் என்பது தீர்மானமாகிறது. இதனை நாம் நினைவில் வைத்துக்கொள்வோம்.

இவ்வாறு கத்தி மென்மையாயிற்று. ஆயினும் ஒரு கேள்வி எஞ்சியது. யாருடைய கழுத்தைத் திறப்பது? வைத்தியரின் விரல்களே அதுவரை தீர்ப்புக் கூறின. தோலின் மேல் தடவிப் பார்த்துக் கட்டி தட்டுப்பட்டால் நோய் உண்டு, தட்டுப்படாவிட்டால் இல்லை. விரலோ ஆழத்திலுள்ள சிறு கணுவை அறியாது. பெருத்த கழுத்தினரிடத்தும் அது ஏமாறும். கண்ணால் காணாத இடத்தைக் காண்பதற்கு வேறொரு வழி தேவையாயிற்று.

கேளா ஒலியின் பிறப்பு

அவ்வழி வைத்தியசாலையிலே பிறக்கவில்லை. 1880இல் பியேர் கியூரியும் அவர் தமையன் ஜாக் கியூரியும் சில படிகங்களை அழுத்தும்போது மின்சாரம் தோன்றுவதைக் கண்டனர். மின்சாரம் செலுத்தினால் அப்படிகம் அதிரும் என்பதும் விரைவில் தெளிவாயிற்று. முதல் உலக யுத்தத்தின்போது, பிரெஞ்சு விஞ்ஞானி போல் லாஞ்சவேன் இப்படிகங்களைக் கொண்டு கடலுக்குள் ஒலியை அனுப்பி, நீர்மூழ்கிக் கப்பலில் பட்டுத் திரும்பும் எதிரொலியைப் பிடிக்கும் கருவியை உருவாக்கினார். லாஞ்சவேன் வெறும் கருவி செய்தவர் மட்டுமல்லர். பாசிசத்தை எதிர்த்தவர், 1940இல் பாரிஸை ஆக்கிரமித்த நாஜிகளாற் சிறையிடப்பட்டவர். அவர் மருமகன் 1942இல் சுட்டுக் கொல்லப்பட்டார். மகள் அவுஷ்விட்ஸ் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டு உயிர் மீண்டார்.

யுத்தத்திலிருந்து தொழிற்சாலைக்கும், தொழிற்சாலையிலிருந்து வைத்தியசாலைக்கும் இவ்வொலி நடந்தது. உலோகத் தகடுகளில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளைக் கண்டுபிடிக்கத் தொழிற்சாலைகள் இக்கருவியைப் பயன்படுத்தி வந்தன. 1955இல் கிளாஸ்கோ நகரத்துப் பேராசிரியர் இயன் டொனால்ட், தாம் அறுத்தெடுத்த கட்டிகளை மோட்டார் வண்டியில் ஏற்றிக்கொண்டு, கொதிகலன் செய்யும் தொழிற்சாலை ஒன்றுக்குச் சென்றார். அங்கிருந்த கருவியால் அக்கட்டிகளைச் சோதித்தபோது, நீர் நிறைந்த கட்டி ஒருவகையாகவும் திண்மையான கட்டி வேறுவகையாகவும் எதிரொலித்தன. பொறியியலாளர் டொம் பிரவுணும் வைத்தியர் மக்விகாரும் அவரோடு சேர்ந்து உழைத்தனர். 1958இல் அவர்களுடைய கட்டுரை லான்செட்டில் வெளியாயிற்று. இன்று கருவுற்ற தாய்மார் அனைவரும் அறிந்த ஸ்கேன் இவ்வாறு பிறந்ததேயாகும்.

மனிதச் செவி ஒரு வினாடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலியைக் கேளாது. கழுத்தைச் சோதிக்கும் கருவி வினாடிக்கு 70 இலட்சம் அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலியை அனுப்புகிறது. அவ்வொலி மென்தசையினுள் வினாடிக்கு ஏறத்தாழ 1,540 மீட்டர் வேகத்தில் சென்று, இருவேறு பொருள்கள் சந்திக்கும் எல்லையிலே பட்டுத் திரும்புகிறது. திரும்பிய நேரத்தைக் கணக்கிட்டுக் கருவி படம் வரைகிறது. எக்ஸ்-கதிர் இல்லை; கத்தி இல்லை; வலி இல்லை. கழுத்தில் சிறிது பசை தடவிக் கருவியின் முனையை மெல்ல நகர்த்தினால் போதும்.

1980களில் ஐரோப்பிய வைத்தியர்கள் இதனைக் கழுத்துக் கணுக்களின்மேல் விரிவாகப் பயன்படுத்தத் தொடங்கினர். நலமான கணு அவரை விதை போன்று நீண்டிருக்கும். அதன் நடுவே கொழுப்பாலான வெண்ணிறக் கீற்று தெரியும். இரத்த நாளம் அக்கீற்றின் வழியே நுழையும். புற்று குடியேறிய கணுவோ உருண்டு திரளும், நடுக்கீற்று மறையும், உள்ளே அழுகிய வெற்றிடம் தோன்றலாம், இரத்த ஓட்டம் நடுவை விட்டு ஓரங்களில் தாறுமாறாகப் பாயும், நோய் முற்றினால் கணுவின் வரம்பே கலைந்துவிடும். அளவு ஒன்றை மட்டும் நம்புவதற்கில்லை. வாயிலே சாதாரணச் சீழ்ப்புண் இருந்தாலும் கணு பெருக்கும். ஆகவே அளவையும், வடிவையும், உள்ளமைப்பையும், இரத்த ஓட்டத்தையும் சேர்த்தே தீர்ப்புக் கூறவேண்டும்.

அத்தீர்ப்பிலும் ஐயம் எஞ்சும். 1990களின் தொடக்கத்தில் அம்ஸ்டர்டாம் நகரத்து வான் டென் பிரெக்கெல் முதலியோர், ஒலிப்படத்தைப் பார்த்துக்கொண்டே நுண்ணிய ஊசியை அந்தக் கணுவினுள் செலுத்தி, சில உயிரணுக்களை உறிஞ்சியெடுத்து நுணுக்குக்காட்டியில் சோதிக்கும் முறையைச் செம்மைப்படுத்தினர். ஒலி இடத்தைக் காட்டும். ஊசி உண்மையைக் கூறும். நம் நாடுகளுக்கு இது மிகவும் இன்றியமையாதது. காசநோய்க் கணுவும் உருண்டு, நடுவே அழுகிப் புற்றுக் கணுவைப் போன்றே ஒலிப்படத்தில் தோன்றக்கூடும். ஹொங்கொங் நகரில் அஹுஜாவும் அவரைச் சார்ந்தோரும் இவ்விரண்டையும் வேறுபடுத்தும் அடையாளங்களை நெடுநாள் ஆராய்ந்தனர். பழைய கண்டமாலை மயக்கம் புதிய திரையிலும் தொடர்கிறது. ஊசியைக் கொண்டே அதனைத் தீர்க்கவேண்டியிருக்கிறது.

ஒலியின் எல்லை

கருவியைப் புகழ்வோர் அதன் எல்லையையும் கூறக் கடமைப்பட்டவர்கள். கணுவினுள்ளே சில உயிரணுக்கள் மாத்திரம் புகுந்திருக்கும்போது கணுவின் வடிவம் மாறுவதில்லை. மாறாத வடிவத்தை எந்த ஒலியும் காட்டிக்கொடுக்காது. "ஸ்கேனில் ஒன்றுமில்லை" என்பதும் "கழுத்தில் நோயில்லை" என்பதும் ஒன்றல்ல.

மும்பையில் 1941இல் நிறுவப்பட்ட டாட்டா நினைவு வைத்தியசாலையில் டாக்டர் அனில் டி குரூஸ் தலைமையிலே நடந்த ஆய்வு இதனைத் தெளிவாக்கிற்று. ஆரம்ப நிலை வாய்ப்புற்று உடையவர்களும், கழுத்திலே கட்டி தட்டுப்படாதவர்களுமான 500 பேரின் முடிவுகள் 2015இல் வெளியாயின. வாய்ச் சிகிச்சையோடு கழுத்துக் கணுக்களையும் உடனே அகற்றிக்கொண்டவர்களில் மூன்றாண்டின் பின் உயிரோடிருந்தோர் 80 சதவீதம். கட்டி தோன்றிய பின் அகற்றலாம் என்று காத்திருந்தவர்களில் 67.5 சதவீதம். உடனே அகற்றப்பட்ட கழுத்துக்களை நுணுக்குக்காட்டியிலே சோதித்தபோது, ஏறத்தாழ 30 சதவீதத்தினரின் கணுக்களில் மறைந்திருந்த புற்று காணப்பட்டது. உலகம் முழுவதும் நெடுங்காலம் நடந்த விவாதத்துக்கு விடை தந்தவர்கள் நம் நாட்டு மக்களைப் போன்ற எளிய நோயாளிகள் என்பதை நன்றியோடு கூறவேண்டும்.

அப்படியாயின் ஒலிக்கருவியால் என்ன பயன்? பயன் பலவுண்டு. விரலுக்குத் தட்டாத கணுவை அது காட்டுகிறது, எவ்வளவு தூரம் அறுக்கவேண்டும் என்பதை முன்கூட்டியே உணர்த்துகிறது, ஊசிக்கு வழிகாட்டுகிறது, சிகிச்சைக்குப் பின் மாதந்தோறும் கழுத்தைக் காவல் காக்க உதவுகிறது. சீ.டி., எம்.ஆர்.ஐ. இயந்திரங்களைவிட விலை குறைந்தது. தூக்கிச் செல்லத் தக்கது. கொழும்புக்கு வெளியேயுள்ள வைத்தியசாலைக்கும் எட்டக்கூடிய கருவி என்பதே அதன் தலைசிறந்த குணம். ஆயினும் எந்தக் கருவியும் தன் முன்னே வந்து படுத்தவரின் கழுத்தை மட்டுமே காணும்; வராதவரின் கழுத்தைக் காணாது.

வராதவர்கள்

இங்கேதான் நாம் மீண்டும் அம்பிட்டிய வீதிக்கு வரவேண்டியிருக்கிறது.

கோப்பித் தோட்டக் காலத்திலே, மன்னாரிலிருந்து மாத்தளை நோக்கிக் காட்டு வழியாக நடந்து வந்த தொழிலாளர் வழியிலும் தோட்டத்திலும் எண்ணின்றி மாண்டனர். அச்சாவுகள் தந்த அவமானத்தின் பின் 1872இல் தோட்ட வைத்தியத் தேவைகளுக்கான சட்டம் பிறந்தது. 1912இல் அது திருத்தியமைக்கப்பட்டது. ஆயினும் தோட்டத்து வைத்தியம் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பாகவும், நாட்டு வைத்தியம் அரசின் பொறுப்பாகவும் பிரிந்தே வளர்ந்தன. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. வாக்கும் பறிபோயிற்று. வாக்கில்லாதவனின் வாய்ப்புண்ணைப் பற்றி எந்தச் சபையில் யார் பேசுவார்? நாடற்றவராய் எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது. தோட்ட வைத்தியசாலைகளிற் சிலவற்றை அரசு பொறுப்பேற்ற பின்னும், பிரிந்து வளர்ந்த இரண்டும் முற்றாக ஒன்றாகிவிடவில்லை.

அம்பிட்டியவிலிருந்து கண்டி நகரைக் கடந்து சென்றால் பேராதனை. இலங்கையில் பல் வைத்தியக் கல்வி 1943இல் கொழும்பிலே தொடங்கிப் பின்னர் பேராதனைக்கு வந்தது. வாய்ப்புற்று ஆராய்ச்சியில் உலகம் மதிக்கும் இடங்களுள் பேராதனையும் ஒன்று. அங்கிருந்து தோன்றிய பேராசிரியர் சமன் வர்ணகுலசூரியவும் அவர் கூட்டாளிகளும், மத்திய இலங்கையின் கிராமப்புறத்திலே நடத்திய ஆய்வின் முடிவுகளை 1984இல் வெளியிட்டனர். கிராமத்துச் சுகாதார ஊழியர்களுக்கு வாயைச் சோதிக்கும் பயிற்சி அளிக்கப்பட்டது. ஓராண்டுக் காலத்தில் அவர்கள் ஏறத்தாழ 28,000 பேரின் வாயைச் சோதித்து, 1,200க்கு மேற்பட்டோரை மேற்பரிசோதனைக்குச் செல்லுமாறு அனுப்பினர். வைத்தியர் அல்லாத ஊழியரும் இப்பணியைத் திறம்படச் செய்ய முடியும் என்பது நிரூபணமாயிற்று. ஆனால் அனுப்பப்பட்டவர்களில் மேற்பரிசோதனைக்கு வந்தவர்கள் பாதிப்பேருக்குச் சற்றே அதிகம். மற்றவர்கள் வரவில்லை.

ஏன் வரவில்லை? அறியாமை என்று கூறிக் கைகழுவுவோர் உளர். நாம் அவ்வாறு கூறத் துணியோம். ஒரு நோயாளி கடக்கவேண்டிய வழியைக் கணக்கிட்டுப் பார்ப்போம். வாயைக் காட்ட ஒரு நாள். சதைத்துணுக்கு எடுக்க ஒரு நாள். முடிவை அறிய ஒரு நாள். கழுத்தை ஸ்கேன் செய்ய ஒரு நாள். ஊசி போட்டுப் பார்க்க ஒரு நாள். அதன் முடிவுக்கும் சிகிச்சைத் தேதிக்கும் இன்னும் ஓரிரு நாள். இலவச வைத்தியம் இந்நாட்டு மக்கள் பெற்ற பெருஞ்செல்வம். அதனைக் குறைகூறுவது நம் கருத்தன்று. வைத்தியசாலை பணம் கேட்பதில்லை. ஆனால் பஸ் கேட்கிறது. துணைக்கு வருபவரின் நாளும் சேர்ந்து போகிறது. நாட்கூலிக்கு உழைப்பவளுக்கு வேலைக்குப் போகாத நாளில் 'பேர்' இல்லை. பிந்திப் போனால் அரைப் பேர். வலியில்லாத ஒரு வெள்ளைத் திட்டுக்காக ஐந்தாறு பேரை இழக்க யார் துணிவார்? புற்றின் கொடுமையே இதுதான். குணப்படுத்தக்கூடிய பருவத்திலே அது வலிப்பதில்லை. வலிக்கும் பருவத்திலே கழுத்துக்கு ஏறிவிடுகிறது. கழுத்துக் கணுவுக்கு நோய் பரவினால் பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது என்று வைத்திய நூல்கள் கூறுகின்றன.

மொழியும் ஒரு தடை. ஸ்கேன் அறிக்கை ஆங்கிலத்தில் எழுதப்படுகிறது. விளக்கம் பல வேளைகளில் சிங்களத்தில் கிடைக்கிறது. தமிழ் மட்டும் அறிந்தவளின் கையிலே அது மடித்து வைத்த காகிதம். போலிஷ் மொழியில் எழுதப்பட்டதால் யாவ்தின்ஸ்கியின் கண்டுபிடிப்பு உலகுக்குப் பயன்படாது கிடந்தது. தன் கழுத்தைப் பற்றிய உண்மையே தனக்குப் புரியாத மொழியில் இருப்பவளின் நிலை அதனினும் துயரமானது.

வழி உண்டு என்பதற்கும் சரித்திரம் சான்று தருகிறது. கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996இல் தொடங்கிய ஆய்வொன்றில், 13 பஞ்சாயத்துக்களில் ஏழில் பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று மக்களின் வாயைச் சோதித்தனர். டாக்டர் சங்கரநாராயணனும் கூட்டாளிகளும் 2005இல் அதன் முடிவை வெளியிட்டனர். புகையிலை அல்லது மதுப் பழக்கம் உடையவர்களிடையே வாய்ப்புற்றால் நேரும் சாவு ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்திருந்தது. ஊழியர் பயன்படுத்திய கருவிகள் வெளிச்சமும் கண்ணும் மட்டுமே. மக்கள் வைத்தியத்தைத் தேடி வராத இடத்தில், வைத்தியம் மக்களைத் தேடிச் சென்றது.

தோட்டத்திலும் இது இயலாததன்று. பிரட்டுக்களத்துக்கு நாள்தோறும் அனைவரும் வருகின்றனர். கொழுந்து நிறுக்கும் இடத்திலே மீண்டும் கூடுகின்றனர். ஆண்டுக்கு ஒரு முறையேனும் அங்கேயே வாயைச் சோதிக்கலாம். மூன்று வாரத்தில் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவந்த திட்டு, வாய் திறக்க இறுக்கம், கழுத்திலே வலியற்ற கட்டி ஆகிய நான்கையும் அறிந்துகொள்ளப் பட்டம் தேவையில்லை. ஐயத்துக்குரியோரைச் சோதனைக்கு அனுப்பும் நாளைக் கூலியுள்ள நாளாக்கலாம். சதைத்துணுக்கும், ஸ்கேனும், ஊசிச் சோதனையும் இயன்ற அளவு ஒரே வருகையில் முடியுமாறு ஒழுங்கு செய்யலாம். அறிக்கையின் சாரத்தைத் தமிழிலே நாலு வரி எழுதிக் கொடுக்கலாம். இவற்றுள் எதற்கும் புதிய விஞ்ஞானம் வேண்டியதில்லை. தொழிற்சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலிலே சம்பளத்துக்கு அடுத்த வரியாக இவை இடம்பெறவேண்டும் என்பது நம் கருத்து.

படிகத்தின் அதிர்விலிருந்து கணுவின் படம் வரை வந்து சேர மனிதகுலம் நூறாண்டு உழைத்தது. போலந்தும் பிரான்சும் ஸ்கொத்லாந்தும் ஆர்ஜென்டீனாவும் மும்பையும் பேராதனையும் அவ்வுழைப்பிலே பங்குகொண்டன. அது எந்த ஒரு வகுப்பாரின் சொத்துமன்று. கண்டியின் மலைகளிலே கழுத்தில் பாரம் சுமந்து இந்நாட்டின் செல்வத்தைப் பெருக்கியவர்களின் கழுத்தை, கட்டி வெளியே தெரியுமுன்னரே சோதித்துப் பார்க்கும் கடமை நாட்டுக்கு உண்டு. அம்பிட்டிய வீதியில் இறங்கிவரும் காலை பஸ்ஸிலே, துண்டால் கழுத்தை மூடியவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறார்களா என்று நாம் கவனித்துக்கொண்டே இருக்கவேண்டும். அக்கடமை நிறைவேறுகிறதா என்பதை அக்கணக்கே நமக்குச் சொல்லும்.